குன்னூர் மலைப்பாதையின் செம்மண் சுவர்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், பள்ளத்தாக்கைப் பார்க்காமல் மலைப் பக்கம் பாருங்கள். சாலைக்காக வெட்டிய இடங்களில் செம்மண் சுவர் நிற்கும். அதற்குள் பூசணிக்காய் அளவிலும் மாட்டுவண்டி அளவிலும் உருண்டைக் கற்கள் பதிந்திருக்கும். மேலேயிருந்து உருண்டு வந்து புதைந்தவை போலத் தெரிந்தாலும், பெரும்பாலானவை இருந்த இடத்தை விட்டு நகராதவை. ஒரு காலத்தில் அந்தச் சுவர் முழுவதுமே பாறைதான். மண்ணானது போக மிச்சம் அந்தக் கற்கள்.

நீலகிரி மலை பெரும்பாலும் சார்னோக்கைட் பாறை. வயது சுமார் 250 கோடி ஆண்டு. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் கிடைக்கிற அதே வகைக் கல். இவ்வளவு கெட்டியான கல்லை மழை எப்படி மண்ணாக்கும்? விரிசல் வழியாக. பூமிக்கடியில் ஆழத்தில் உருவான பாறை, மேலிருந்த பாரம் குறையக் குறைய விரிந்து, குறுக்கும் நெடுக்குமாக வெடித்துக் கட்டி கட்டியாகப் பிரிந்தது. மண்ணிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகும் மழைநீர் அந்த வெடிப்புகளில் இறங்குகிறது. ஃபெல்ஸ்பார் என்னும் கனிமம் களிமண்ணாகிறது. இரும்பு துருப்பிடித்துச் சிவக்கிறது. மூலைகளைத் தண்ணீர் மூன்று பக்கமிருந்து அரிப்பதால் அவை முதலில் போய்விடும், கட்டி உருண்டையாகும். சிதைந்த கல்லின் ஓரத்தை விரலால் நெம்பினால் வெங்காயத் தோல் போலப் பட்டை பட்டையாக உரியும். உள்ளே கருங்கல் அப்படியே இருக்கும்.

காட்டுக்கு இதில் இரண்டு வேலை. சருகு மட்கும்போதும் வேர் சுவாசிக்கும்போதும் வரும் கரியமில வாயுதான் அந்த அமிலத்துக்கு வீரியம் தருகிறது. ஆக, பாறையை மண்ணாக்கத் துணை நிற்பதும் காடு, மேல்மண்ணை வேரால் கட்டிப் பிடித்திருப்பதும் காடு. மேடுகளில் புல்வெளி இருக்க, தண்ணீர் வந்து சேரும் மடிப்புகளில் சோலைக்காடு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மண் அதிகம் நனைகிற இடத்தில் மரம் நிற்கிறது.

ஆனால் சிதைந்த மண் ஆழமாக இருக்கும் இடத்தில் வேர் அடிவரை எட்டாது. அங்கே மண்ணைப் பிடித்து வைப்பது துகளுக்குத் துகள் உள்ள உராய்வும் களிமண்ணின் ஒட்டுதலும்தான். நனைந்த மண் கனம் தாங்காமல் சரிகிறது என்று நினைக்கிறோம். கனம் ஒரு பங்குதான். வெந்நீரில் கழுவிய டம்ளரை ஈர மேடையில் கவிழ்த்தால் அது தானாக நகருமே, பார்த்திருக்கிறீர்களா? உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து டம்ளரைச் சற்றே தூக்கிவிடுகிறது, உராய்வு போய்விடுகிறது. மலையில் அந்த வேலையைச் செய்வது தண்ணீர். கீழே கெட்டிப் பாறை இருப்பதால் அது சீக்கிரம் வடியாமல் தேங்கி, துகள்களை ஒன்றையொன்று விட்டு விலகும்படி அழுத்துகிறது. அப்புறம் சரிவுக்குப் பிடிமானம் இல்லை.

காடு அப்படியே இருக்கும் சரிவும் பெருமழையில் விழும். 1823-இல் நடந்த பெரிய நிலச்சரிவால்தான் நீலகிரியிலுள்ள அவலாஞ்சிக்கு, சரிவைக் குறிக்கும் ‘அவலாஞ்ச்’ என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து, அந்தப் பெயரே வந்தது. சரிவின் அடிப்பகுதியை வெட்டி ரோடும் வீடும் போட்டால் நிலைமை இன்னும் மோசம். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். வெட்டிய இடத்தில் தடுப்புச் சுவர் கட்டினால் போதும் என்கிறார்கள். தண்ணீருக்கு வழி விடாத சுவர் ஆபத்தையே சேர்த்து வைக்கிறது என்பேன். அடுத்த முறை மழை விட்டதும் அந்தப் பக்கம் போனால், சுவரில் பதித்த குழாய்களைப் பாருங்கள். அவற்றில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்க வேண்டும்.