குட்டி இன்ஜின் எதற்காக வீரம் காட்ட வேண்டும்?

பேசும் ரயில்கள் வரும் கதைகளில் ஒரு வகை உண்டு. ஒரு நல்ல இன்ஜினைப் பற்றி யாரோ புரளி கிளப்பிவிடுகிறார்கள். ஷெட்டில் இருக்கும் மற்ற இன்ஜின்கள் அதை ஒதுக்குகின்றன. ஸ்டேஷன் மாஸ்டரும் ஒன்றும் விசாரிக்காமல் தண்டனை கொடுத்துவிடுகிறார். அப்புறம் ஒரு பெரிய ஆபத்து வரும். ஒதுக்கப்பட்ட இன்ஜின் உயிரைப் பணயம் வைத்து எல்லாரையும் காப்பாற்றும். பாராட்டு, மன்னிப்பு, கதை முடிந்தது.

குழந்தைகள் மனநல ஆலோசகராக நான் இந்தக் கதைகளை விரும்பிப் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்த முடிவை மட்டும் அப்படியே சொல்வதை நிறுத்திவிட்டேன். தப்பே செய்யாத இன்ஜின், தன் பெயரைத் திரும்பப் பெறுவதற்காக ஏன் ஒரு விபத்தைத் தடுக்க வேண்டும்? பெயரைக் கெடுத்தவர்கள் மற்றவர்கள். அதைச் சரிசெய்யும் வேலை மட்டும் ஏன் அதன் தலையில் விழுகிறது?

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. செய்யாத தப்புக்குப் பழி சுமந்த குழந்தைகளை, “இவன்மேல் பழி விழுந்துவிட்டது” என்று சொல்லி யாரும் என்னிடம் அழைத்து வருவதில்லை. காலையில் வயிற்றுவலி, பள்ளிக்கூடம் என்றாலே அழுகை, சரியாகச் சாப்பிடுவதில்லை என்றுதான் வருவார்கள். பேசப் பேச, அடியில் ஒரு பழி கிடப்பது தெரியும்.

அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். எட்டு வயதுப் பையன். வகுப்பில் இன்னொரு பிள்ளையின் கைக்கடிகாரம் காணாமல் போனது. இடைவேளையில் வகுப்பறைக்குள் இருந்தவன் இவன். அவ்வளவுதான் எல்லாருக்கும் தெரிந்த உண்மை. சில நாட்களில் அது “அவன்தான் எடுத்தான்” என்று ஆகிவிட்டது. பிறகு அந்தக் கடிகாரம், தொலைத்த பிள்ளையின் பையிலேயே, உள்துணி கிழிந்த இடத்தில் கிடைத்தது. “சரி, கிடைத்துவிட்டது” என்று எல்லாரும் அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்கள். அவனிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவன் ரொம்ப நல்ல பிள்ளை ஆகிவிட்டான். கரும்பலகையைத் துடைப்பது அவன், நோட்டுகளைச் சுமந்து வருவது அவன், தன் பென்சில்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவதும் அவன். ஆசிரியர்கள் மெச்சினார்கள். வீட்டில் மட்டும் அவன் சாப்பிடவில்லை. அவன் தன் பெயரை விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தான் என்பது யாருக்கும் தெரியவில்லை. நான் மேலே சொன்ன கதையின் முடிவை அந்தக் குழந்தை வாழ்ந்துகொண்டிருந்தது.

அதனால் இப்போது நான் சொல்லும் ரயில் கதை வேறு. அதில் வில்லன் கிடையாது.

குட்டி என்றொரு சின்ன இன்ஜின். யார்டில் பெட்டிகளை இங்கும் அங்கும் தள்ளி வரிசைப்படுத்துவது அதன் வேலை. ஒருநாள் விடிகாலை, சரக்குப் பெட்டி ஒன்று தானாக உருண்டு போய்த் தண்டவாளத்தின் கடைசியில் மோதி நசுங்கிக் கிடக்கிறது. “ராத்திரி குட்டி அந்தப் பக்கம் போனதைப் பார்த்தேன்” என்கிறது கூட்ஸ் இன்ஜின். அது உண்மை. அதைக் கேட்ட நீல இன்ஜின், “குட்டி போன பிறகுதான் சத்தம் கேட்டதாம்” என்கிறது. எக்ஸ்பிரஸின் காதுக்குப் போகும்போது, “குட்டி இடித்துவிட்டு ஓடிவிட்டது.” ஸ்டேஷன் மாஸ்டர் குட்டியை ஷெட்டுக்குள் நிறுத்திப் பூட்டிவிடுகிறார். உண்மையில் நடந்தது என்னவென்றால், அந்தப் பெட்டியின் கை பிரேக்கை யாரும் இறுக்கவில்லை, சக்கரத்துக்குக் கட்டையும் வைக்கவில்லை. தரை லேசான சரிவு.

இங்கே கதையை நிறுத்திவிட்டு, “யார் பொய் சொன்னது?” என்று கேட்பேன். குழந்தைகள் உடனே கூட்ஸ் இன்ஜினைக் காட்டுவார்கள். பிறகு யோசிப்பார்கள். “இல்லையே, அது பார்த்ததைத்தானே சொன்னது?” அப்படியானால் நீல இன்ஜினா? அதுவும் வேண்டுமென்று சொல்லவில்லை. பொய்யர் ஒருவர்கூட இல்லாமல் ஒரு பொய் பிறந்துவிட்டது. குழந்தைகள் இந்த இடத்தில் திகைப்பதை நான் பார்த்திருக்கிறேன். பெரியவர்களும் திகைக்க வேண்டிய இடம் இது.

கறுப்பாக வாந்தி எடுத்தான் என்பது, நாலு வாய் மாறியதும் காக்கா காக்காவாக வாந்தி எடுத்தான் என்று ஆன கதை நமக்குத் தெரியும். அதைச் சோதனையாகவே செய்து பார்த்தவர்கள் அமெரிக்க உளவியலாளர்கள் கோர்டன் ஆல்போர்ட்டும் லியோ போஸ்ட்மேனும். 1947-இல் வந்த அவர்களது ஆய்வில், ஒரு படத்தைப் பற்றிய விவரம் ஐந்தாறு பேர் வாய்மாறியதும் ஏறக்குறைய 70 சதவீத விவரங்கள் உதிர்ந்துபோயின. மிஞ்சியவை கூர்மையாயின, கேட்பவரின் முன்முடிவுக்கு ஏற்ப வளைந்தன. அவர்கள் காட்டிய படங்களில் ஒன்று சுரங்க ரயில் பெட்டிக்குள் நடக்கும் காட்சி. ஒரு வெள்ளையரின் கையில் சவரக்கத்தி இருக்கும், எதிரே ஒரு கறுப்பர் நிற்பார். அந்தப் படத்தை வைத்து நடத்திய சோதனைகளில் பாதிக்கு மேல், சொல்லிச் சொல்லி ஏதோ ஒரு கட்டத்தில் கத்தி கறுப்பரின் கைக்கு மாறிவிட்டது. பழி போய் உட்கார்வது பெரும்பாலும் ஏற்கெனவே சந்தேகத்தில் வைக்கப்பட்டிருப்பவர் மேல்தான். வகுப்பறையில் அது புதிதாகச் சேர்ந்த பிள்ளை, முன்பு ஒருமுறை மாட்டிக்கொண்ட பிள்ளை, சட்டென்று பேச வராத பிள்ளை.

“ஆனால் என் மகள் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறாளே” என்று சில பெற்றோர் கேட்பார்கள். அவள் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கேப்ரியேல் பிரின்சிபி என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. முன்பள்ளிக் குழந்தைகளுக்கு முன் ஒரு மந்திரவாதி தொப்பிக்குள்ளிருந்து முயலை எடுக்கப் பார்த்துத் தோற்றுப்போகிறார். பிறகு சில குழந்தைகளின் காதில் மட்டும் விழும்படி, முயல் தப்பித்துப் பள்ளிக்குள் கேரட் தின்றுகொண்டிருக்கிறது என்று பெரியவர்கள் பேசிக்கொள்கிறார்கள். பின்னர் கேட்டபோது, அதைக் காதில் வாங்கிய குழந்தைகளும், அவர்களிடமிருந்து கேட்டுக்கொண்ட வகுப்புத் தோழர்களும் முயல் தப்பியது உண்மை என்றார்கள். அதில் பலர், தாங்களே அதைப் பார்த்ததாகவும் சொன்னார்கள். ஓடாத முயலை!

ஆகவே ஒரு சின்னக் குழந்தை “நான் பார்த்தேன்” என்றால், அந்தக் குழந்தையைப் பொய்யர் ஆக்கவும் வேண்டாம், அதை வைத்து இன்னொரு குழந்தைக்குத் தீர்ப்பு எழுதவும் வேண்டாம். “நீ எங்கே நின்றுகொண்டிருந்தாய்? முதலில் என்ன பார்த்தாய்? இதை வேறு யாராவது உன்னிடம் சொன்னார்களா?” என்று தனியாக, நிதானமாகக் கேட்க வேண்டும். கேட்கும்போது குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரை நாம் முதலில் சொல்லக் கூடாது. “அவன்தானே எடுத்தான்?” என்ற கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது.

இப்போது ஸ்டேஷன் மாஸ்டருக்கு வருகிறேன். என் அனுபவத்தில் அதிகக் காயம் அவரிடமிருந்துதான் வருகிறது. மற்ற இன்ஜின்கள் கிசுகிசுத்தபோது குட்டிக்கு வருத்தம் இருந்திருக்கும், ஆனால் “மாஸ்டருக்குத் தெரியும்” என்ற நம்பிக்கையும் இருந்திருக்கும். அவரே கதவைப் பூட்டியதும் அந்த நம்பிக்கையும் போய்விடுகிறது. வீட்டிலும் பள்ளியிலும் நாம்தான் அந்த மாஸ்டர்.

நாம் செய்யும் மிகப் பெரிய தவறு, எல்லார் முன்னாலும் நிறுத்திக் கேட்பது. “உண்மையைச் சொன்னால் விட்டுவிடுகிறேன்” என்பது அடுத்தது. பயந்த குழந்தைக்கு அங்கிருந்து வெளியேற ஒரே வழி ஒப்புக்கொள்வதுதான் என்று தோன்றிவிடும். பெரியவர்களே தாங்க மாட்டார்கள். சால் காசினும் கேத்தரின் கீச்சலும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களிடம் கணினியில் ஒரு குறிப்பிட்ட பொத்தானைத் தொடவே கூடாது என்று சொல்லி வேலை கொடுத்தார்கள். கணினி நின்றதும், நீதான் அதை அழுத்திவிட்டாய் என்று குற்றம் சாட்டினார்கள். யாரும் அழுத்தவில்லை. ஆனாலும் 69 சதவீதம் பேர் ஒப்புதலில் கையெழுத்துப் போட்டார்கள். அதனால் “அவனே ஒத்துக்கொண்டான்” என்று யாராவது சொன்னால், எங்கே வைத்து, யார் முன்னால், எப்படிக் கேட்டபோது ஒத்துக்கொண்டான் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

உண்மை தெரிந்த பிறகு செய்ய வேண்டியதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. ஏனென்றால் அங்கேதான் நாம் எல்லாரும் அலட்சியமாக இருக்கிறோம்.

“அவன் எடுக்கவில்லை” என்று சொன்னால் போதாது. ஹோலின் ஜான்சன், கொலீன் சீஃபர்ட் இருவரும் 1994-இல் இதைக் காட்டினார்கள். கிடங்கு ஒன்றில் தீப்பிடித்த செய்தியைப் படிப்பவர்களுக்கு, அங்கே ஒரு சின்ன அறையில் பெயின்ட் டப்பாக்களும் எரிவாயு உருளைகளும் இருந்தன என்று முதலில் சொல்லப்பட்டது. பிறகு அது தவறு, அந்த அறை காலி என்று திருத்தப்பட்டது. திருத்தத்தைப் படித்தவர்களே, தீ ஏன் அப்படிப் புகைந்தது என்று கேட்டால் பெயின்டையும் எரிவாயுவையும் காரணம் சொன்னார்கள். ஆனால் தீக்கு வேறொரு காரணத்தைக் கொடுத்தபோது, பழைய தவறான விவரத்தின் பிடி தளர்ந்தது. மனம் காலி இடத்தை விரும்புவதில்லை. குட்டி இடிக்கவில்லை என்பதோடு, பெட்டி எப்படி உருண்டது என்றும் சொல்ல வேண்டும். கடிகாரம் கிடைத்தது என்பதோடு, அது பையின் கிழிசலுக்குள் இருந்தது, யாருமே எடுக்கவில்லை என்று வகுப்புக்கே சொல்ல வேண்டும்.

எவ்வளவு சத்தமாகப் பழி சொல்லப்பட்டதோ அவ்வளவு சத்தமாக அது நீக்கப்பட வேண்டும். வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சந்தேகப்பட்டுவிட்டு, வராந்தாவில் தோளைத் தட்டி “பரவாயில்லை விடு” என்பது ஈடாகாது. விசாரிக்காமல் முடிவெடுத்த பெரியவர் தன் வாயால், “நான் கேட்காமல் முடிவு செய்துவிட்டேன், அது என் தவறு” என்று சொல்ல வேண்டும். ஆசிரியர் மன்னிப்புக் கேட்டால் மரியாதை குறைந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படிக் கேட்ட ஆசிரியர்களிடம் பிள்ளைகள் இன்னும் ஒட்டிக்கொள்வதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

புரளியைப் பரப்பிய பிள்ளைகளை என்ன செய்வது? கடுமையான தண்டனை வேண்டாம், முக்கியமாகப் பத்து வயதுக்குக் கீழே. அவர்கள் பெரும்பாலும் நீல இன்ஜின்கள். யாரிடம் சொன்னார்களோ அவர்களிடமே திரும்பிப் போய், “நான் சொன்னது சரியில்லை, நடந்தது இது” என்று சொல்லவைத்தால் போதும். ஒரே பிள்ளையைக் குறிவைத்து, தெரிந்தே, திரும்பத் திரும்பப் பரப்பினால் அது வேறு விஷயம். அது துன்புறுத்தல். அதை அப்படியே எடுத்துக்கொண்டு நடவடிக்கை எடுக்க வேண்டும்.

கதையைச் சொன்னால் மட்டும் இதெல்லாம் மனதில் பதியும் என்று நினைத்துவிடாதீர்கள். டொராண்டோவில் நிக்கோல் லார்சன், காங் லீ, பாட்ரிசியா கானியா மூவரும் 4 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் பகிர்ந்துகொள்வது பற்றிய கதைப் புத்தகம் ஒன்றைப் படித்துக்காட்டினார்கள். மனிதப் பாத்திரங்கள் வந்த கதையைக் கேட்ட குழந்தைகள் தங்கள் ஸ்டிக்கர்களைக் கூடுதலாகப் பகிர்ந்தார்கள். அதே கதையில் மனிதர்போல நடந்துகொள்ளும் விலங்குகளைப் போட்டபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2018-இல் வந்த இந்த ஆய்வைப் படித்த பிறகு, பேசும் ரயில்களை நான் விட்டுவிடவில்லை. அந்தத் தூரம் எனக்கு வேண்டும், ஏனென்றால் “உனக்கு என்ன நடந்தது?” என்று கேட்டால் வாயை மூடிக்கொள்ளும் குழந்தை, “ஷெட்டுக்குள் குட்டி என்ன நினைத்திருக்கும்?” என்றால் பேசத் தொடங்கிவிடும். ஆனால் கதை முடிந்ததும் ரயிலை விட்டு இறங்க வேண்டும். “உன் வகுப்பில் இப்படி யாராவது பூட்டப்பட்டிருக்கிறார்களா?” என்ற கேள்வியைப் பெரியவர் கேட்க வேண்டும். அதைக் கேட்காவிட்டால் குழந்தைக்கு அது வெறும் ரயில்களின் பிரச்சினை.

நாலு வயதுக்குக் கீழே இந்தக் கதை வேண்டாம் என்பேன். இன்னொருவர் மனதில் தவறான நம்பிக்கை இருக்க முடியும் என்பதே அந்த வயதில் பெரும்பாலும் பிடிபடாது. ஹைன்ஸ் விம்மர், ஜோசப் பெர்னர் 1983-இல் செய்த ஆய்விலிருந்து இது தொடர்ந்து உறுதியாகிவருகிறது. குட்டி இடிக்கவில்லை என்று தனக்குத் தெரிந்தால் மாஸ்டருக்கும் தெரியும் என்றே மூன்று வயதுக் குழந்தை நினைக்கும்.

உங்கள் பிள்ளை திடீரென்று அளவுக்கு மீறி நல்லபிள்ளையாக மாறினால், தன் பொருள்களை எல்லாருக்கும் கொடுக்கத் தொடங்கினால், சின்னச் சின்ன விஷயத்துக்கும் “நான் செய்யலை” என்று முந்திக்கொண்டு சொன்னால், அன்றைக்கு வீட்டுப்பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். “யாராவது உன்னைப் பற்றித் தப்பாக ஏதாவது சொன்னார்களா?” என்று ஒருமுறை கேளுங்கள். உடனே பதில் வராது. சில நாள் கழித்து, விளக்கை அணைத்த பிறகு வரலாம். அப்போது குறுக்கே பேசாமல் முழுவதையும் கேளுங்கள். பள்ளிக்கு அடுத்த நாள் போய்ப் பேசலாம். சாப்பாடும் தூக்கமும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், அல்லது “நான் இல்லாமல் போனால் நல்லது” என்கிற மாதிரி ஒரு பேச்சு வந்தால், காத்திருக்காமல் குழந்தைகள் மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ அன்றைக்கே அழைத்துப் போங்கள்.