புதருக்குள் ஒரு ஸ்பீக்கர்

ஒரு குட்டிக் குரங்கு அலறுகிறது. சற்றுத் தள்ளி மூன்று தாய்க் குரங்குகள் உட்கார்ந்திருக்கின்றன. அலறிய குட்டியின் தாய், சத்தம் வந்த புதரையே வெறித்துப் பார்க்கிறது. மற்ற இரண்டும் புதரைப் பார்க்கவில்லை. அந்தத் தாயைத் திரும்பிப் பார்க்கின்றன.

புதருக்குள் குட்டி கிடையாது, ஒரு ஸ்பீக்கர்தான் இருந்தது. கென்யாவின் அம்போசெலி பூங்காவில் வெர்வெட் என்ற ஆப்பிரிக்கக் குரங்குகளிடம், விலங்கு நடத்தை ஆய்வாளர்களான ராபர்ட் சைஃபார்த்தும் அவர் மனைவி டோரதி சேனியும் நடத்திய சோதனை இது. 1980இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. குட்டியின் குரலைத் தாய் அடையாளம் கண்டதில் பெரிய அதிசயம் இல்லை. மற்ற இரண்டின் பார்வையில்தான் விஷயம் இருக்கிறது. "இது இன்னாருடைய பிள்ளை" என்பது அவற்றுக்கும் தெரிந்திருக்கிறது!

சைஃபார்த் கேம்பிரிட்ஜில் ராபர்ட் ஹைண்டிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்தவர். அதற்காகத் தென்னாப்பிரிக்காவில் பபூன் குரங்குகளைக் கவனிக்கக் கிளம்பினார். சட்டம் படிக்க இருந்த சேனியும் கூடவே போனார். சட்டப் படிப்பு அத்தோடு போயிற்று. பிறகு பறவைப் பாட்டு ஆய்வில் பெயர்பெற்ற பீட்டர் மார்லரிடம் இருவரும் சேர்ந்தார்கள். 1985இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு வந்தார்கள். சைஃபார்த் உளவியல் துறையில், சேனி பின்னாளில் உயிரியல் துறையில். துறைதான் இரண்டு, ஆய்வு ஒன்றுதான்.

வெர்வெட்டுகள் சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரல் கொடுக்கின்றன என்று குரங்கு ஆய்வாளர் தாமஸ் ஸ்ட்ரூசேக்கர் 1967இலேயே எழுதியிருந்தார். சிறுத்தைக் குரல் கேட்டால் மரத்தில் ஏறும். கழுகுக் குரலுக்கு அண்ணாந்து பார்க்கும், புதருக்குள் பாயும். பாம்புக் குரலுக்குப் பின்னங்காலில் எழுந்து நின்று புல்லைத் துழாவிப் பார்க்கும். ஆனால் இதை வைத்துக்கொண்டு குரலுக்குப் பொருள் உண்டு என்று சொல்லிவிட முடியாது. குரங்கு சிறுத்தையைத் தன் கண்ணாலேயே பார்த்து ஓடியிருக்கலாம். அல்லது அந்தக் குரல் வெறும் பயத்தின் அளவாக, அதாவது அதிகப் பயம், குறைந்த பயம் என்பதாக மட்டும் இருக்கலாம்.

இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் ஸ்பீக்கர். நிஜ ஆபத்தின்போது பதிவுசெய்த குரலை, ஆபத்தே இல்லாத நேரத்தில் ஒலிக்கவிட வேண்டும். சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் குரலுக்குச் சொந்தக்காரக் குரங்கு அந்த நேரத்தில் மற்றவற்றின் கண்ணில் படக்கூடாது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் குரல் பின்னாலிருந்து வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஸ்பீக்கரும் அந்தக் குரங்கு இருக்கக்கூடிய திசையில் மறைந்திருக்க வேண்டும். அடிக்கடி செய்தால் குரங்குகள் அலட்சியமாகிவிடும். எல்லாம் கூடிவரும் கணத்துக்காகக் கேமராவோடு காத்திருக்க வேண்டும். கிடைப்பது குரலுக்கு முன்னும் பின்னும் சில விநாடிப் படம். அதில் தலை எந்தப் பக்கம் திரும்பியது, எவ்வளவு நேரம் பார்த்தது என்று ஒவ்வொரு காட்சித் துண்டாக எண்ணுவார்கள். குரலின் நீளத்தையும் உரப்பையும் மாற்றிப் பார்த்தார்கள். எப்படி மாற்றினாலும் சிறுத்தைக் குரலுக்கு மரம்தான், கழுகுக் குரலுக்கு வானம்தான். பயத்தின் அளவு என்ற விளக்கம் அங்கே அடிபட்டுப்போனது. மார்லரோடு சேர்ந்து இருவரும் இந்த முடிவை வெளியிட்டதும் 1980இல்தான்.

குட்டிகள் இந்தக் குரல்களைச் சரியான இடத்தில் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளும் விதம் எனக்குப் பிடித்த பகுதி. உதிரும் இலையைப் பார்த்துக்கூடக் கழுகுக் குரல் கொடுக்கும். ஆனால் அப்போதே ஒரு ஒழுங்கு தெரிகிறது: பறக்கும் பொருளுக்குச் சிறுத்தைக் குரல் கொடுப்பதில்லை. வயது ஏற ஏற, இலையும் நாரையும் விலகி, நிஜமாகவே கொல்லக்கூடிய கழுகு மட்டும் மிஞ்சுகிறது.

'புலி வருது' கதையையும் நடத்திப் பார்த்தார்கள். பக்கத்துக் கூட்டம் வரும்போது வெர்வெட்டுகள் இரண்டு விதமாகக் குரல் கொடுக்கும். இரண்டும் கேட்பதற்கு வெவ்வேறு. சொல்லும் சங்கதி ஏறத்தாழ ஒன்றே. ஒரு குரங்கின் முதல் வகைக் குரலை, பக்கத்துக் கூட்டம் வராமலே திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார்கள். மற்றவை கண்டுகொள்வதை நிறுத்தின. அதே குரங்கின் இரண்டாம் வகைக் குரலையும் சட்டை செய்யவில்லை. இன்னொரு குரங்கு அதைச் சொன்னால் மட்டும் நிமிர்ந்து பார்த்தன. ஆனால் கழுகு விஷயத்தில் புளுகிய குரங்கு சிறுத்தைக் குரல் கொடுத்தபோது நம்பின. குரலின் ஓசையை அல்ல, அது எதைக் குறிக்கிறது என்பதை வைத்தே எடைபோடுகின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இத்தனை கெட்டிக்கார விலங்கு, வேறு இடத்தில் அசடு வழிகிறது. சிறுத்தை இரையைக் கொன்று மரத்தின் மேல் வைத்துக்கொள்ளும். அதேபோல ஒரு மான் சடலத்தை மரத்தில் வைத்துப் பார்த்தார்கள். வெர்வெட்டுகள் எச்சரிக்கைக் குரலே எழுப்பவில்லை. மலைப்பாம்பு ஊர்ந்த தடத்தையும் பொருட்படுத்துவதில்லை.

1992 முதல் 2008 வரை இருவருக்கும் களம் போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ கழிமுகம். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது பபூன்கள். பெண் பபூன்களிடையே அந்தஸ்து தாய்வழி வருகிறது, மகள் தாய்க்கு அடுத்த படியில். இங்கே ஒலிப்பதிவுத் துண்டுகளை ஒட்டிப் பொய்ச் சண்டைகளை உருவாக்கினார்கள். கீழ்ப்படிக்காரி மிரட்ட, மேல்படிக்காரி அலறுவது போல ஒட்டினால், கேட்ட பபூன்கள் வெகுநேரம் ஸ்பீக்கர் பக்கமே பார்த்தன. தலைகீழான அந்தச் சண்டை ஒரே குடும்பத்துக்குள் நடந்தால் அவ்வளவு வியப்பு இல்லை. இரண்டு குடும்பங்களுக்கு இடையே என்றால்தான் திகைப்பு. கூட்டத்தில் உள்ளவர்களை ஒரே நேரத்தில் குடும்பமாகவும் படிநிலையாகவும் மனதில் வைத்திருக்கின்றன என்று 2003இல் எழுதினார்கள்.

ஸ்பீக்கரால் கேட்க முடியாததை மலத்தில் தேடினார்கள். அதில் மன அழுத்த ஹார்மோனின் எச்சங்கள் இருக்கும். ஊசியோ மயக்க மருந்தோ தேவையில்லை. நெருங்கிய உறவைச் சிங்கத்திடமோ சிறுத்தையிடமோ இழந்த பெண் பபூன்களுக்கு அந்த அளவு ஏறியது. அதன்பின் அவை முன்பைவிடக் கூடுதல் துணைகளோடு பேன் பார்க்கத் தொடங்கின. அளவும் மெல்லத் தணிந்தது.

கூட்டத்தைத் தவறவிட்ட பபூன் உரக்கக் குரைக்கும். அதற்குப் பதில் குரல் வருவதுபோலக் கேட்கும். ஆனால் பதில் கொடுப்பவை பெரும்பாலும் தாங்களும் வழிதவறியவையே. தொலைந்துபோன குட்டியின் குரைப்பை ஸ்பீக்கரில் விட்டபோது, தாய் அந்தத் திசையை ஆழ்ந்து பார்த்தது. அது தன் குட்டிதான் என்று அதற்குத் தெரியும். ஆனால் தான் கூட்டத்துக்கு நடுவே பத்திரமாக இருந்தால், 'நான் இங்கே இருக்கிறேன்' என்று பதில் குரல் கொடுப்பது அரிது. தான் இருக்கும் இடம் குட்டிக்குத் தெரியாது என்பது அதற்குத் தோன்றுவதில்லை.