ஏஜிசம்: வயதுவாதமா, வயதுப் பாகுபாடா?

ஏஜிசம் என்பது ஒருவருடைய வயதை மட்டும் வைத்து 'இவரால் இது முடியும், இது முடியாது' என்று முடிவுகட்டும் மனப்போக்கு. தமிழில் வயதுவாதம் எனலாம். அந்த மனப்போக்கு ஆளெடுப்பு, பதவி உயர்வு, ஆட்குறைப்பு என்று செயலில் இறங்கினால் அது வயதுப் பாகுபாடு. செய்தித்தாள்கள் இரண்டுக்கும் பின்னதையே போட்டுவிடுகின்றன. பிரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

ஏஜிசம் என்ற சொல்லை உருவாக்கியவர் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர். வாஷிங்டனின் செவி சேஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தை ஏழை முதியவர்களின் குடியிருப்பாக்கும் திட்டம் வந்தபோது அக்கம்பக்கத்தார் கொதித்தெழுந்தார்கள். அதைப் பற்றி வாஷிங்டன் போஸ்ட் நிருபர் கார்ல் பெர்ன்ஸ்டீனிடம் (பின்னாளில் வாட்டர்கேட் ஊழலைக் கிளறியவர்தான்) பேசும்போது பட்லர் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். 1969 மார்ச்சில் அது அச்சேறியது. ரேசிசம் (இனவெறி) என்ற அச்சில் வார்த்த சொல். ஒரு வயதினர் இன்னொரு வயதினர் மேல் கொள்ளும் தவறான எண்ணம் என்பதுதான் அவர் தந்த விளக்கம். ஆகவே 'சின்னப் பையன், இவனுக்கு என்ன தெரியும்' என்பதும் ஏஜிசம்தான். ஆனால் வழக்கில் அது மூத்தவர்களுக்கு எதிரானதாகவே நிலைத்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், சொல்லுக்கு முன்பே சட்டம் வந்துவிட்டது. பாகுபாட்டைத் தடுத்த 1964-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிமை உரிமைகள் சட்டத்தில் வயது சேர்க்கப்படவில்லை. ஆய்வு செய்து அறிக்கை தரும்படி தொழிலாளர் துறைச் செயலரிடம் விட்டுவிட்டார்கள். 1965-இல் வந்த அந்த அறிக்கை முக்கியமான ஒன்றைச் சொன்னது: மூத்த ஊழியர்களை ஒதுக்குவதற்குக் காரணம் இனவெறியில் இருப்பது போன்ற வெறுப்பு அல்ல, இந்த வயதுக்குமேல் வேலை ஓடாது என்ற தப்புக்கணக்கு. 1967-இல் வேலைவாய்ப்பில் வயதுப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில் 40 வயதைத் தொட்டவர்களுக்கு அது பொருந்தும். முதலில் 65 வயது வரைதான் பாதுகாப்பு. 1978-இல் 70 ஆனது. 1986-இல் மேல் எல்லையே நீங்கியது.

இனி தமிழ். 'முதுமை வெறுப்பு' என்ற மொழிபெயர்ப்பு அங்கங்கே தென்படுகிறது. மேலே சொன்ன அறிக்கையே அதற்கு எதிர்ச்சாட்சி: ஆட்குறைப்புப் பட்டியல் போடும் மேலாளருக்கு முதியவர் மேல் வெறுப்பு எதுவும் இருக்க வேண்டியதில்லை, வீட்டில் அப்பா அம்மாவைத் தாங்குபவராகவும் இருக்கலாம். 'வயதியம்' என்றால் பெண்ணியம், மார்க்சியம் போல யாரோ ஏந்திப் பிடிக்கும் கொள்கையாகக் காதில் விழுகிறது. 'வயதுவெறி' மிகை. இலங்கைத் தமிழில் வேரூன்றிய 'இனவாதம்' நல்ல முன்மாதிரி. அதே வார்ப்பில் 'வயதுவாதம்' பிசிறில்லாமல் நிற்கிறது. தனித்தமிழ் வேண்டுவோர் 'அகவை' என்பார்கள். அறுபதாம் கல்யாணப் பத்திரிகையில் அழகுதான், மனிதவளத் துறைக்கு எழுதும் புகார்க் கடிதத்தில் எடுபடாது. பாகுபாடு 'பகு' என்ற வேரிலிருந்து வருவது. வகைபிரித்தல் என்பதே அதன் பழைய, குற்றமற்ற பொருள். அநியாயமாகப் பிரிப்பது என்ற பொருள் பின்னால் ஏறியது. பேச்சுத் தமிழ் கேட்டால் 'ஓரவஞ்சனை'தான் இதற்கு மிக நெருக்கம்.

உண்மையான சிக்கல் 'மூப்பு' என்ற சொல்லில் இருக்கிறது. வயது மூப்பும் மூப்பு, பணிமூப்பும் மூப்பு. முன்னது உடலுக்கு, பின்னது பணிப்பதிவேட்டுக்கு. தமிழ் இரண்டையும் ஒரே வேரில் கட்டிவைத்திருக்கிறது. அமெரிக்க நீதிமன்றம் கத்தரித்துவிட்டது. 62 வயது ஊழியர் ஒருவர், பத்தாண்டுப் பணி நிறைந்து ஓய்வூதிய உரிமை கிடைக்கச் சில வாரங்களே இருந்தபோது நீக்கப்பட்டார். 1993-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஓய்வூதியத்தைத் தடுக்க நீக்குவது வேறொரு சட்டத்தை மீறுவது, ஆனால் பணிக்காலம் வேறு, வயது வேறு, ஆகவே அதுமட்டுமே வயதுப் பாகுபாடு ஆகாது. 'சம்பளம் அதிகம், அதனால் நீக்கினோம்' என்ற பதில் நீதிமன்றங்களில் பெரும்பாலும் தப்பித்துவிடுவதும் இதே தர்க்கத்தில்தான்.

ஆட்குறைப்பில் இது எப்படி நுழைகிறது என்பதற்கு நியூயார்க் மாநிலத்தின் நோல்ஸ் அணு ஆய்வகம் பாடப்புத்தக உதாரணம். ஆள் குறைக்க வேண்டிய கட்டாயம். செயல்திறன், நெகிழ்வுத்தன்மை, முக்கியத் திறன் என்று மூன்று தலைப்புகளில் மேலாளர்கள் மதிப்பெண் போட்டார்கள். பணிமூப்புக்கும் புள்ளிகள் சேர்த்தார்கள். கூட்டிப் பார்த்து வெளியேற்றிய 31 பேரில் 30 பேர் 40 வயதைத் தொட்டவர்கள். எங்கே கோணியது? அளந்து பார்க்கக்கூடிய செயல்திறனில் அல்ல. மேலாளரின் மனம்போல் மதிப்பெண் போட இடமிருந்த நெகிழ்வுத்தன்மையும் முக்கியத் திறனும்தான் முடிவோடு மிக இறுக்கமாகப் பொருந்தின என்று புள்ளியியல் வல்லுநர் சாட்சி சொன்னார். வயது தவிர்த்த நியாயமான காரணத்தால்தான் இப்படி நேர்ந்தது என்று நிரூபிக்கும் சுமை நிறுவனத்துடையது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுவருடமே வேறொரு வழக்கில் ஊழியர் பக்கம் சுமை ஏறியது: வேண்டுமென்றே செய்த பாகுபாடு என்று வாதிட்டால், வயது இல்லாவிட்டால் இந்த நீக்கமே நடந்திராது என்று அவர் காட்டியாக வேண்டும்.

அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்கள் அறியவேண்டிய காகிதம் ஒன்று உண்டு. நீக்கத்தொகை தரும்போது 'வழக்குப் போடமாட்டேன்' என்று எழுதி வாங்குவார்கள். 1990-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 40 வயதைத் தொட்டவரிடம் அப்படி வாங்க வேண்டுமானால் யோசிக்க 21 நாள் தர வேண்டும். கூட்டமாக நீக்கினால் 45 நாள். கையெழுத்திட்ட பிறகும் 7 நாளுக்குள் திரும்பப் பெறலாம். வழக்கறிஞரைக் கேளுங்கள் என்று எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். கூட்ட நீக்கத்தில் பதவிவாரியாக யார் நீக்கப்பட்டார், யார் தங்கினார் என்று வயதோடு பட்டியலும் இணைக்க வேண்டும். பெயர் இருக்காது; ஆனாலும் நிறுவனம் தன் கையாலேயே தரும் சாட்சியம் அது, தூக்கிப் போட்டுவிடக் கூடாது. மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் புகார் தர 180 நாள் கெடு, வயதுப் பாகுபாட்டைத் தடுக்கும் மாநிலச் சட்டமும் அதற்கான அமைப்பும் உள்ள இடங்களில் 300 நாள்.

இந்தியாவில் முதலில் 'லே-ஆஃப்' என்ற சொல்லே குழப்பம். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்திலும், 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அது தற்காலிக வேலையின்மை. ஆலையில் மின்சாரமோ பஞ்சோ இல்லாமல் ஓட்டம் நின்றால் பாதிச் சம்பளத்தோடு வீட்டில் இருப்பது. ஒரேயடியாக வெளியேற்றுவது ஆட்குறைப்பு. ஐடி துறை அமெரிக்கப் பொருளில் 'லே-ஆஃப்' என்கிறது.

ஆட்குறைப்புக்குப் பழைய சட்டம் வைத்த, புதிய தொகுப்பும் தக்கவைத்த விதி 'கடைசியில் வந்தவர் முதலில் போவார்'. அதை மீறினால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். அதாவது பணிமூப்புக்குக் காவல் உண்டு. வயது மூப்புக்கு? அரசமைப்பின் 15, 16-ஆம் பிரிவுகள் எண்ணிச்சொல்லும் மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் வரிசையில் வயது இல்லை. தனியார் வேலையில் வயதுப் பாகுபாட்டைப் பொதுவாகத் தடுக்கும் சட்டமும் இல்லை. பணிமூப்புக் காவலும் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருபவருக்கு மட்டுமே. மேலாளர் என்று பதவிப்பெயர் ஏறியவரை நிறுவனங்கள் அதற்கு வெளியே நிறுத்தப் பார்க்கும். ஆனால் வரையறை பார்ப்பது பதவிப்பெயரை அல்ல, செய்யும் வேலையை. ஆகவே அன்றாடம் என்ன செய்தோம் என்பதைக் காட்டும் மின்னஞ்சல்களும் பணி மதிப்பீடுகளும் கையில் இருக்க வேண்டும்.

பல இடங்களில் இந்த விதிவரை விவகாரம் போவதே இல்லை. 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்று ஒரு வரி எழுதி வாங்கிவிடுகிறார்கள். தானாக விலகியவர் சட்டத்தின் கண்ணில் ஆட்குறைப்புக்கு ஆளானவரே அல்ல. பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் என்ற இழப்பீடும் அந்த ஒரு வரியோடு போய்விடும்.