மூன்று மஞ்சள் வயர்கள்

முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் வரும் வீதியில் ஒட்டுசுட்டானைத் தாண்டினால் இரண்டு பக்கமும் காடுதான். போன ஆவணியில் ஒரு பின்னேரம் நானும் மருமகனும் அந்த வழியால் வந்துகொண்டிருந்தோம். அவன் ஜேர்மனியில் பிறந்து வளர்ந்த பிள்ளை. கொழும்பில் ஒரு 250 சிசி மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுத்து, தீவைச் சுற்றிக்கொண்டு பத்தாம் நாள் எங்கள் பக்கம் வந்து சேர்ந்திருந்தான். நான் என் சின்ன வண்டியில் பின்னால். அவனுடைய பின் லைட் மெல்ல மெல்ல மங்குவதை நான்தான் முதலில் கண்டேன். சிக்னல் போட்டான், அது மினுங்காமல் மங்கலாக எரிந்தபடியே நின்றது. இன்னும் கொஞ்சத் தூரம் போக எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு ஓய்ந்தது. ஸ்ராட்டரை அமத்தினால் டிக், டிக் என்ற சத்தம் மட்டும்.

“பற்றரி புதுசு மாமா. எடுக்கேக்க மாத்தித்தான் தந்தவை” என்றான்.

அநேகம் பேர் பிழை விடுகிற இடம் இது. வண்டி நின்றதும் பற்றரியில் பழியைப் போட்டுப் புதிது வாங்குகிறோம்; சில நாளில் அதுவும் படுத்துவிடுகிறது. ஓடும் வண்டியில் பற்றரி ஒரு குளம் மட்டுமே. இரணைமடுவை நினைத்துக்கொள்ளுங்கள். கனகராயன் ஆறு வந்து விழாவிட்டால் இரணைமடுவில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் வயலுக்குத் திறந்துவிட்ட சில கிழமைகளில் அடி தெரியும். மோட்டார் சைக்கிளிலும் ஆறு ஒன்று இருக்கிறது. குளம் வற்றினால் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான்.

அந்த ஆறு எங்கள் தலைமுறைக்குப் புதியதல்ல. 1990களில் வன்னிக்கு மின்சாரம் இல்லை. வானொலிக்குப் போடும் பற்றரிகளும் அரசின் தடைப் பட்டியலில் இருந்தன. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த கரண்டில் செய்தி கேட்டோம். சுற்றுகிறவரின் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். அந்தப் போத்தல் அளவு டைனமோவுக்குள் ஒரு காந்தம் சுழன்றது. அதைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் சும்மா இருந்தது. மாறிக்கொண்டிருக்கும் காந்தப்புலம் சுருளில் மின்னைத் தூண்டும் என்று 1831இல் மைக்கேல் பரடே கண்டது அவ்வளவுதான். ஆனால் காந்தத்தின் வடமுனையும் தென்முனையும் மாறி மாறிக் கடப்பதால், வரும் மின்னும் முன்னும் பின்னுமாக ஆடும். அது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியதோ ஒரே திசையில் போகும் நேரோட்டம். அதற்காக நாலு இருவாயிகளைப் பாலம்போல் கட்டினார்கள். இருவாயி என்பது ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு.

மோட்டார் சைக்கிளில் இருப்பதும் அதே டைனமோதான், பெரிதாக. எஞ்சினோடு சுழலும் சக்கரத்தின் உட்புறம் காந்தங்கள், நடுவில் அசையாத கம்பிச்சுருள்கள். நடுத்தர, பெரிய வண்டிகள் பலவற்றில் சுருள்கள் மூன்று தொகுதியாகச் சுற்றப்பட்டு, மூன்று வயர்கள் வெளியே வரும். பெரும்பாலும் மூன்றும் மஞ்சள் நிறம். மூன்றிலும் ஆடலோட்டம் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து விழும். நாலுக்குப் பதிலாக ஆறு இருவாயிகள் அதை நேராக்கும்.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. காரின் மின்பிறப்பாக்கியில் காந்தத்தையே கரண்டால் உண்டாக்குகிறார்கள். ஆகவே உற்பத்தியைக் கூட்டிக் குறைக்கலாம். மோட்டார் சைக்கிளின் காந்தம் நிரந்தரக் காந்தம். மாரியில் ஆற்றை நிறுத்த முடியாததுபோல எஞ்சின் ஓடும்வரை அதையும் நிறுத்த முடியாது. பற்றரி நிரம்பிய பின்னும் கரண்ட் வந்துகொண்டேயிருக்கும். அளவு மீறினால் அமிலம் கொதித்துப் பற்றரி வீங்கும். அதனால் குளத்துக்குப்போல இதற்கும், மிச்சம் வழிந்தோட ஒரு வான் வைத்திருக்கிறார்கள். ஒழுங்காக்கி என்கிற, செதில் செதிலாக அலுமினியத் தகடு வைத்த அந்தச் சின்னப் பெட்டிதான் வான் கதவு. அழுத்தம் 14 வோல்ற்றைத் தாண்டிச் சற்று ஏறியதும், பரவலாக உள்ள வகை ஒழுங்காக்கி சுருளின் வயர்களை ஒன்றோடொன்று குறுக்கே இணைத்துவிடும். மிச்சக் கரண்ட் பற்றரிக்குப் போகாமல் சுருளுக்கே திரும்பி, வெப்பமாகிக் கழியும். ஆகவே விளக்கை அணைத்தால் அந்தச் சுருளுக்கு ஓய்வு என்று நினைப்பது சரியல்ல. நாம் எடுக்காததை வான் வெளியேற்றுகிறது. அதே பெட்டிக்குள் இருக்கும் இருவாயிகளும் சும்மா விடுவதில்லை. 15 அம்பியர் பாயும்போது, வழியில் உள்ள இரண்டு இருவாயிகளில் தலா 0.7 வோல்ற் இழந்தாலே 21 வாற்று வெப்பம். ஆவணி வெயிலில், காற்றுப்படாத மூலையில் பூட்டிய ஒழுங்காக்கி எரிந்துபோவதில் ஆச்சரியம் இல்லை.

மருமகனின் வண்டியில் அது எரிந்திருக்கவில்லை. சீற்றைக் கழற்றி, கைபேசி வெளிச்சத்தில் மஞ்சள் வயர்களைப் பிடித்துக்கொண்டே போனேன். அவை ஒழுங்காக்கியோடு சேரும் வெள்ளைச் சொக்கற்றின் ஒரு மூலை தேயிலைச் சாய நிறத்தில் உருகி, நடுவயரின் தோல் கருகிச் சுருண்டிருந்தது. மணந்து பார்த்தேன், எரிந்த பிளாஸ்டிக் மணம்.

நடந்தது இதுதான். தூசியும் ஈரமும் சேர்ந்து பித்தளை ஊசியில் பாசிபோல் ஒரு படலம் பிடித்துத் தொடுகை தளர்ந்திருக்கிறது. 0.2 ஓம் தடை வந்தாலே போதும். 10 அம்பியரை 10ஆல் பெருக்கி 0.2ஆல் பெருக்கினால் 20 வாற்று. ஈயம் பற்றவைக்கும் சின்னச் சூட்டுக்கோலின் வலு கிட்டத்தட்ட அவ்வளவுதான். அது முழுவதும் ஒரு நகக்கண் அளவு இடத்தில். சூட்டில் படலம் தடிக்கும், படலம் தடிக்கத் தடை ஏறும், தடை ஏறச் சூடு இன்னும் ஏறும். கடைசியில் அந்த வயர் அடியோடு விட்டுவிட்டது. மூன்று வாய்க்காலில் ஒன்று தூர்ந்ததும் வரத்து செலவுக்குக் காணவில்லை. 60 வாற்று ஹெட்லைட் மட்டுமே 5 அம்பியர் இழுக்கும். வரத்தில் துண்டு விழுந்ததைப் புதுப் பற்றரி தன் சேமிப்பிலிருந்து கொடுத்துக் கொடுத்தே வற்றியிருக்கிறது.

ஆகவே ஹெட்லைட்டின் இணைப்பைக் கழற்றினேன். பதினைந்து நிமிடம் வண்டியைச் சும்மா விட்டோம். அந்த நேரத்தில் பற்றரிக்குள் அமிலம் தகடுகளின் துளைகளுக்குள் திரும்ப ஊறி, அழுத்தம் கொஞ்சம் மீளும். யானை வீதிக்கு வரும் நேரம் என்பதால் அந்தப் பதினைந்து நிமிடமும் நீண்டதாகத்தான் இருந்தது. பிறகு இரண்டாம் கியரில் போட்டுத் தள்ளினோம், பிடித்துக்கொண்டது. செலவு குறைந்ததால், மீதி இரண்டு வயரில் வந்த கரண்டே எஞ்சினுக்குப் போதுமாக இருந்தது. என் வண்டி வெளிச்சம் வழிகாட்ட, அவன் ஒட்டியபடியே மெதுவாக மாங்குளம் சந்திவரை வந்தான்.

சந்தியில் ஒரு கராச் பூட்டுகிற நேரம். கராச்காரத் தம்பி முகம் சுளிக்காமல் மீற்றரை எடுத்தார். எஞ்சின் ஓட, பற்றரி முனைகளில் 12.1. சொக்கற்றைக் கழற்றி மஞ்சள் வயர்களை இரண்டிரண்டாக அளந்தார்; மூன்று சோடியிலும் ஏறத்தாழ ஒரே அளவு, எதுவும் வண்டியின் உடம்போடு முட்டவில்லை. சுருள் நல்லம். சொக்கற்றை வெட்டி எறிந்தார். செம்பு பளிச்சென்று தெரியுமட்டும் வயர்களைச் சுரண்டி, முறுக்கி, ஈயம் வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றினார்.

“இப்ப றேஸ் பண்ணுங்கோ.”

13.4, 13.9, 14.2. அதற்குமேல் முள் ஏறவில்லை, வான் திறந்துவிட்டது. ஹெட்லைட்டைப் போட்டோம். ஒரு கணம் 13.7க்கு இறங்கி, திரும்ப 14ஐத் தொட்டு நின்றது.

இரவு முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கினோம். மருமகன் பிள்ளையாரைக் கும்பிட முதல் சீற்றுக்கு அடியில் கையை விட்டு அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தான். கொழும்பு போய்ச் சேரும்வரை, நின்ற இடமெல்லாம் அப்படித் தொட்டுப் பார்த்தானாம். ஒரு தரமும் சுடவில்லையாம்.