ஸ்லைடை வாசித்தால் பாடம் ஏறுவதில்லை, ஏன்?

சூம் வகுப்பில் சேர் ஸ்லைடைப் போட்டு, அதில் இருப்பதை அப்படியே வாசித்துக்கொண்டு போகிறார். கேட்கும் உயர்தரப் பிள்ளையின் மனம் எங்கேயோ போய்விடுகிறது. பிள்ளைக்குக் கவனம் போதாது என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் அந்தப் பாடமே மூளைக்கு எதிராகக் கட்டப்பட்டிருக்கிறது.

புதிய விஷயத்தை மூளை கொஞ்ச நேரம் பிடித்துவைக்கும் இடம்தான் செயல் நினைவகம். அது மிகச் சிறியது. 1974இல் உளவியலாளர்கள் பேட்லியும் ஹிட்சும் சொன்னதன்படி, அதில் பேச்சுக்கு ஒரு பகுதி, உருவங்களுக்கு வேறொரு பகுதி. எழுத்து கண்வழி வந்தாலும் மனதுக்குள் ஒலியாக மாறிப் பேச்சின் பகுதிக்கே போகிறது. சேரின் குரலும் அங்கேதான் வருகிறது. வாசிக்கும் வேகமும் பேசும் வேகமும் ஒன்றல்ல. இரண்டும் முட்டிக்கொள்ள, படத்துக்குரிய பகுதி சும்மா கிடக்கிறது. படமும் குரலும் மட்டும் இருந்தால் பெரும்பாலும் நன்றாகப் புரிகிறது என்று கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் காட்டின.

மாரியில் மட்டக்களப்பு வாவி நிரம்பும்போது முகத்துவாரத்தை ஏன் வெட்டுகிறார்கள்? இதை விளக்க ஒரு வெள்ளைத்தாள் போதும். கடல் மட்டத்துக்கு ஒரு கோடு, அதைவிட உயரமாக வாவிக்கு ஒரு கோடு, நடுவில் மணல்திட்டு. “இதை வெட்டினால்” என்று சொல்லும் அதே கணத்தில் பேனை திட்டைக் கீறி, கடல் பக்கம் அம்புக்குறி போட வேண்டும். சொல்லும் படமும் ஒன்றாக வந்தால்தான் பிள்ளை இரண்டையும் இணைக்கும். பின்னணி இசை, அலை பாயும் காட்சியெல்லாம் அழகுதான். ஆனால் அந்தச் சின்ன இடத்தை அவையும் பிடிக்கும்.

எடெக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தில் 69 இலட்சம் பார்வை அமர்வுகளை அலசிய 2014 ஆய்வில், ஆறு நிமிடத்துக்குள் முடியும் வீடியோக்களே பார்ப்பவர்களை அதிகம் பிடித்துவைத்தன. கையால் வரைந்து விளக்குபவை வெறும் ஸ்லைடைவிட மேல். டேட்டா கார்டில் படிக்கும் பிள்ளைக்கும் இது நல்ல செய்தி.

சரி, பார்த்தால் படித்ததாகிவிடுமா? இல்லை. ஒருதரம் வாசித்ததைத் திரும்ப வாசித்தவர்களைவிட, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது என்று 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் காட்டினார்கள். அதனால் வீடியோவை இடையில் நிறுத்தி, “வெட்டாமல் விட்டால் என்ன நடக்கும்?” என்று கேட்டு, வட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் பதில் வாங்கலாம்.

எழுத்தைத் தூக்கி எறியவும் கூடாது. புதிய கலைச்சொல், சமன்பாடு எல்லாம் திரையில் நிற்கத்தான் வேண்டும். ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ ஆங்கில மொழிமூலத்தில் படிக்கும் பிள்ளைக்குத் திரையடி எழுத்து (சப்டைட்டில்) பெரிய துணை. காது தவறவிட்ட சொல்லைக் கண் பிடித்துக்கொள்ளும்.