மூன்று லிட்டருக்கு எதற்கு பன்னிரண்டு சிலிண்டர்?

பழைய ஃபெராரி கார்களின் பெயரில் வரும் எண்ணைப் பார்த்துவிட்டு குதிரைத்திறன் என்று நினைப்பவர்கள் உண்டு, அதிகபட்ச வேகம் என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டும் இல்லை. 125, 166, 250, 275 எல்லாமே ஒரே ஒரு சிலிண்டரின் கொள்ளளவு, சிசி கணக்கில். 250ஐ 12ஆல் பெருக்கினால் 3,000 வருகிறது, எஞ்சினின் உண்மையான அளவு 2,953 சிசி. அதாவது ஒரு பைக்கில் ஒற்றையாக இருக்க வேண்டிய சிலிண்டர் மாதிரி பன்னிரண்டை, ஆறு ஆறாக இரண்டு வரிசை கட்டி, வரிசைகளுக்கு நடுவே 60 டிகிரி கோணம் விட்டு வி வடிவத்தில் நிறுத்தியிருக்கிறார்கள்.

சரி, எதற்கு இந்தப் பாடு? அதே மூன்று லிட்டரை நான்கு சிலிண்டரில் அடைத்துவிடலாமே. ஒவ்வொரு சிலிண்டர் கூடும்போதும் உள்ளே மேலும் கீழும் ஓடும் ஒரு பிஸ்டன், அதைச் சுழலும் கிராங்க் ஷாஃப்டோடு பிணைக்கும் ஒரு கனெக்டிங் ராடு, காற்றை உள்ளே விட்டுப் புகையை வெளியே விடும் இரண்டு வால்வு, ஒரு ஸ்பார்க் பிளக் கூடுகிறது, செலவும் கூடுகிறது. 1947இல், போர் முடிந்து இத்தாலி இன்னும் எழுந்து நிற்காத நேரத்தில், மாரனெல்லோவில் புதிதாகக் கடை விரித்த என்ஸோ ஃபெராரிக்கு வடிவமைப்பாளர் ஜோவாக்கினோ கொலம்போ போட்டுக்கொடுத்த முதல் எஞ்சினே வி-12தான். மொத்தமே 1,497 சிசி. பிஸ்டனின் விட்டம் 55 மில்லிமீட்டர், மேலும் கீழும் அது ஓடும் தூரம் 52.5. அந்த 125 எஸ் கார் மே 11 அன்று பியாசென்ஸாவில் நடந்த தன் முதல் பந்தயத்தில் முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது எரிபொருள் பம்ப் காலை வாரிவிட்டது. இரண்டே வாரத்தில் ரோமில் ஃபிராங்கோ கோர்தேஸே அதே வகைக் காரில் ஜெயித்தார்.

விஷயம் பந்தய விதிகளில் இருக்கிறது. இவ்வளவு சிசிக்கு மேல் போகாதே என்றுதான் விதி சொல்லும், எத்தனை சிலிண்டர் என்று பெரும்பாலும் கேட்காது. எஞ்சினின் சக்தி என்பது ஒரு நிமிடத்தில் எவ்வளவு காற்றையும் பெட்ரோலையும் எரிக்கிறோம் என்பதுதான். கொள்ளளவைக் கூட்ட முடியாதென்றால், இருக்கும் கொள்ளளவை அதிக தடவை நிரப்பிக் காலி செய்ய வேண்டும். எஞ்சினை வேகமாகச் சுற்றவிட வேண்டும், அவ்வளவுதான்.

அங்கேதான் பிஸ்டன் குறுக்கே நிற்கிறது. அது வட்டமாகச் சுற்றுவதில்லை, மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வந்து நின்று, மறுபடி மேலே போகிறது. 250 எஞ்சினில் அதன் ஓட்டம் 58.8 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 7,500 சுற்றில், அதாவது நொடிக்கு 125 சுற்றில், பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 14.7 மீட்டர் என்று வரும். பெரிய வேகமாகத் தெரியாது. ஆனால் உச்சியில் நின்று திரும்பும் அந்தக் கணத்தில் அதன்மீது விழும் விசை அதன் எடையைப் போல சுமார் 2,000 மடங்கு. கனெக்டிங் ராடு அறுந்து எஞ்சினின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வருவது எல்லாம் இந்த இழுப்பில்தான்.

இப்போது அதே 2,953 சிசியை நான்கு சிலிண்டரில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 740 சிசி. விட்டமும் ஓட்டமும் சமம் என்று வைத்துக்கொண்டால் ஓட்டம் 98 மில்லிமீட்டர் ஆகிவிடும். பிஸ்டனின் சராசரி வேகம் அதே 14.7 மீட்டரைத் தாண்டக் கூடாதென்றால் நிமிடத்துக்கு 4,500 சுற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். கொள்ளளவு ஒன்றுதான், சுற்றில் 3,000 போய்விட்டது.

இன்னொரு லாபமும் இருக்கிறது, அது இதைவிட முக்கியம் என்பது என் அபிப்பிராயம். பன்னிரண்டு பிஸ்டன்களின் தலைப்பரப்பைக் கூட்டினால் சுமார் 500 சதுர சென்டிமீட்டர், அந்த நான்கு பெரிய பிஸ்டன்களுக்கு 300 மாதிரிதான் வரும். வால்வுகள் இருப்பது பிஸ்டனுக்கு மேலே உள்ள கூரையில் என்பதால், கூரை பெரிதானால் வால்வின் பரப்பும் அதே அளவுக்குப் பெரிதாகும். கல்யாண மண்டபத்தில் எத்தனை பேர் உட்காரலாம் என்பது வேறு, பந்திக்குக் கதவைத் திறந்ததும் எத்தனை பேர் உள்ளே நுழைய முடியும் என்பது வேறு. வேகமாகச் சுற்றும் எஞ்சினுக்குக் கதவின் அகலம்தான் கவலை.

அப்புறம் அதிர்வு. நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன் ஏறும்போது இரண்டு இறங்கினாலும், ஓட்டத்தின் மேல் பாதியில் பிஸ்டன் கொஞ்சம் வேகமாகவும் கீழ்ப் பாதியில் மெதுவாகவும் போவதால் கணக்கு நேராவதில்லை, ஒரு சுற்றுக்கு இரண்டு உதறல் மிச்சம் நிற்கும். ஆறு சிலிண்டரை நேர் வரிசையில் வைத்தால் அந்த மிச்சமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். வி-12 என்பது ஒரே கிராங்க் ஷாஃப்டைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு ஆறு சிலிண்டர்கள். கிராங்க் 60 டிகிரி திரும்பும்போதெல்லாம் ஒரு சிலிண்டர் வெடிக்கும், 7,500 சுற்றில் நொடிக்கு 750 வெடிப்பு. அந்தக் கார்களின் சத்தத்தைக் கீச்சென்றோ அலறல் என்றோ எழுதுகிறார்களே, அது வேறொன்றுமில்லை, இந்த 750தான். அதே வேகத்தில் நான்கு சிலிண்டர் 250 தடவைதான் வெடிக்கும், அதனால்தான் அது உறுமலாகக் கேட்கிறது.

ஆனால் வேகமாகச் சுற்ற முடிவு செய்ததும் அடுத்த தலைவலி வால்வு ஸ்பிரிங்கில் வந்து நிற்கும். நொடிக்கு 62 தடவை வால்வைத் திரும்ப இழுத்து மூட வேண்டும். அன்றைய சுருள் ஸ்பிரிங்குகள் அந்த வேகத்தில் தாமே துள்ள ஆரம்பித்து உடைந்துபோகும். கொலம்போ அந்தக் காலப் பந்தய மோட்டார் சைக்கிள்களில் இருந்த கொண்டை ஊசி ஸ்பிரிங்கைக் கொண்டுவந்தார். கம்பியை நடுவில் சுருட்டி இரண்டு கால்களை நீட்டிவிட்ட வடிவம் அது. உயரம் குறைவு என்பதால் வால்வின் தண்டையும் குட்டையாக, எடை குறைவாகச் செய்யலாம். கெடுதல் என்னவென்றால் அது பக்கவாட்டில் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஸ்பார்க் பிளக்குகள் வி-யின் உள்பக்கம் போய் ஒடுங்கின, காற்று நுழையும் வழியை இரண்டிரண்டு சிலிண்டர்கள் பங்கு போட்டுக்கொண்டன. 1957இல் வந்த 250 டெஸ்டா ரோஸாவில் சுருள் ஸ்பிரிங்குக்கே திரும்பினார்கள். இடம் கிடைத்ததும் பிளக்குகள் வெளிப்பக்கம் வந்தன, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி வழி கிடைத்தது, அதற்கேற்ப, காற்றில் பெட்ரோலைக் கலந்துவிடும் இரட்டைக் குழாய் வெபர் கார்புரேட்டர் ஆறு, வரிசையாக. அந்த கார் 1958, 1960, 1961 மூன்று தடவை லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தது. 1962இன் 250 ஜிடிஓ இதே வழியில் வந்ததுதான், சுமார் 300 குதிரைத்திறன்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு கார்புரேட்டர் குழாய் என்பது கேட்க நன்றாக இருக்கும், அதை ட்யூன் செய்பவரிடம் கேட்க வேண்டும். குழாயின் நடுவில் ஒரு குறுகல், அங்கே காற்று வேகமெடுக்கும், அழுத்தம் குறையும், பெட்ரோல் தானாக உறிஞ்சப்படும். பன்னிரண்டு குழாயும் ஒரே அளவு காற்றை இழுக்கவில்லையென்றால் எஞ்சின் இருமும். மெக்கானிக் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை ஒவ்வொரு வாயாகப் பிடித்து உஸ்ஸென்ற சத்தத்தை ஒப்பிடுவார். ஒன்றைத் திருப்பினால் பக்கத்தில் இருப்பது மாறும், மறுபடி முதலிலிருந்து.

பன்னிரண்டுதான் எப்போதும் சரி என்று ஃபெராரியே நம்பவில்லை. 1952, 1953 உலகச் சாம்பியன்ஷிப் இரண்டு லிட்டர் விதியில் நடந்தபோது, கையில் இரண்டு லிட்டர் வி-12 இருந்தும், ஆரேலியோ லாம்ப்ரெடி வடிவமைத்த நான்கு சிலிண்டர் ஃபெராரி 500ஐத்தான் இறக்கினார்கள். உரசும் பாகங்கள் குறைவு, எடை குறைவு, வளைவிலிருந்து வெளியே வரும்போது குறைந்த சுற்றிலேயே இழுவை. ஆல்பெர்தோ அஸ்காரி இரண்டு வருடமும் சாம்பியன்.

ஆனாலும் கொலம்போவின் எஞ்சின்தான் நெடுநாள் நின்றது. முதல் எஞ்சினில் பிஸ்டனின் விட்டம் 55 மில்லிமீட்டர்தான் என்றாலும், ஒரு சிலிண்டரின் மையத்துக்கும் அடுத்ததன் மையத்துக்கும் நடுவே 90 மில்லிமீட்டர் இடம் விட்டு வைத்திருந்தார். அன்றைக்கு வீண் எடையாகத்தான் தெரிந்திருக்கும். அந்த இடைவெளி இருந்ததால்தான் விட்டத்தை 250இல் 73, 275இல் 77 என்று குடைந்துகொண்டே போக முடிந்தது. அதற்கப்புறம் இடைவெளியையும் கொஞ்சம் நீட்டி, 1985இல் வந்த ஃபெராரி 412இல் 4,943 சிசி வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள்.