மார்க்கெட் டவுன்: சந்தை நகரமா, சந்தையூரா?

இங்கிலாந்தைப் பற்றித் தமிழில் எழுதும்போது ‘மார்க்கெட் டவுன்’ என்று வந்தால், ‘சந்தை நகரம்’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். படிப்பவர் மனதில் கோயம்பேடு மாதிரி ஓர் இடம் வந்து நிற்கும். உண்மையில் இந்தப் பெயருக்கு உரிய ஊர்கள் பலவும் நம் கணக்கில் பேரூராட்சிகள்தான். ஆக்ஸ்ஃபோர்டுஷரில் உள்ள சிப்பிங் நார்ட்டனில் வசிப்பவர்கள் சுமார் 6,000 பேர். புகழ்பெற்ற மார்க்கெட் டவுன் அது.

பொருளை முதலில் பார்ப்போம். சந்தை கூடுகிற ஊரெல்லாம் மார்க்கெட் டவுன் ஆகிவிடாது. சந்தை நடத்தும் உரிமை அதற்கு இருக்க வேண்டும். இடைக்கால இங்கிலாந்தில் அந்த உரிமை மன்னரிடமிருந்து வந்தது. ஊரை ஆண்ட பிரபுவுக்கோ மடாலயத்துக்கோ மன்னர் பட்டயம் எழுதிக்கொடுப்பார். வாரத்தில் எந்தக் கிழமை சந்தை கூடலாம், ஆண்டுக்கு எத்தனை நாள் பெருஞ்சந்தை நடக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். பட்டயம் இல்லாமலே நெடுங்கால வழக்கத்தால் உரிமை பெற்ற ஊர்களும் உண்டு. 1200-க்குப் பிறகான ஒன்றரை நூற்றாண்டில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டயங்கள் வழங்கப்பட்டன. பிரபுக்களுக்கு ஏன் இத்தனை ஆர்வம் என்று கேட்க வேண்டியதில்லை. கடை போட வாடகை, சரக்குக்குச் சுங்கம், தகராறு வந்தால் அபராதம்: எல்லாம் அவர்கள் கைக்குத்தான்.

ஆளாளுக்குச் சந்தை போட்டால் பக்கத்து ஊர்க்காரர் சும்மா இருப்பாரா? வழக்கு வரும். அதற்கு 13ஆம் நூற்றாண்டில் பிராக்டன் பெயரால் வழங்கும் சட்டநூல் ஒரு கணக்குச் சொல்கிறது: இரண்டு சந்தைகளுக்கு இடையே குறைந்தது ஆறும் மூன்றில் இரண்டு பங்கும் மைல் இடைவெளி வேண்டும். ஒரு மனிதன் பகலில் நடக்கக்கூடியது 20 மைல். அதை மூன்றாகப் பிரித்தார்கள். காலையில் சந்தைக்கு நடக்க ஒரு பங்கு, விற்று வாங்க ஒரு பங்கு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப ஒரு பங்கு. பழைய சந்தையூர்கள் நடந்துபோகும் தூரத்தில் வரிசையாக அமைந்திருப்பதை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் சுவையாக இருக்கும்.

சந்தைத் தகராறுகளைத் தீர்க்கத் தனி நீதிமன்றமே இருந்தது. பிரெஞ்சில் ‘தூசி படிந்த கால்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து ‘பைபவுடர் கோர்ட்’ என்று அதற்குப் பெயர். வெளியூர் வியாபாரி அடுத்த ஊருக்குப் போயாக வேண்டும். அவன் காலைத் துடைப்பதற்கு முன்பே தீர்ப்பு வர வேண்டும்.

சரி, சொல்லின் பிறப்புக்கு வருவோம். ‘மார்க்கெட்’ லத்தீன் வழி வந்தது. சரக்கைக் குறிக்கும் ‘மெர்க்ஸ்’ அதன் வேர். இந்தச் சொல் வருவதற்கு முன் ஆங்கிலேயர்களிடம் சொந்தமாக ஒரு சொல் இருந்தது. பேரம், வணிகம் என்ற பொருளில் ‘சேயாப்’, அதிலிருந்து சந்தைக்குச் ‘சேப்பிங்’. அதுதான் சிப்பிங் நார்ட்டன், சிப்பிங் கேம்டன், சிப்பிங் சாட்பரி என்று ஊர்ப்பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நார்ட்டன் என்றால் வடக்கூர். ஆக, சந்தை வடக்கூர். உள்ளூர்க்காரர்கள் செல்லமாகச் ‘சிப்பி’ என்கிறார்கள், நம் சிப்பிக்கும் அதற்கும் தொடர்பில்லை! லண்டனின் சீப்சைடு தெருவும் அதே குடும்பம்தான். ‘நல்ல சீப்’ என்றால் நல்ல பேரம். நாளடைவில் ‘நல்ல’ உதிர்ந்துபோய், மலிவு என்ற பொருளில் ‘சீப்’ மட்டும் நின்றது. ஜெர்மன்காரர்கள் வாங்குவதைக் ‘காஃபன்’ என்பதும் இதே உறவில்தான்.

சந்தை உரிமை ஓர் ஊரை என்ன செய்யும் என்பதற்கும் சிப்பிங் நார்ட்டனே நல்ல சாட்சி. பழைய ஊர் பள்ளத்தில், தேவாலயத்தையும் கோட்டையையும் ஒட்டி இருந்தது. 1204-இல் ஜான் மன்னர் கம்பளிக்கான பெருஞ்சந்தைக்கு உரிமை கொடுத்தார். மேட்டில் அகலமான சந்தைத் திடல் அமைந்தது, ஊரின் மையமும் அங்கே ஏறிப்போனது. காட்ஸ்வோல்டு குன்றுகளில் மேய்ந்த ஆடுகளின் கம்பளி ஃபிளாண்டர்ஸுக்கும் (இன்றைய பெல்ஜியப் பகுதி) இத்தாலிக்கும் போயிற்று. கம்பளி வணிகர்கள் சம்பாதித்த பணத்தில் 15ஆம் நூற்றாண்டில் தேவாலயம் உயர்ந்தது.

பிற்பாடு கம்பளியை விற்பதைவிட நெய்து விற்பது லாபமானது. பிளிஸ் குடும்பத்தின் ஆலை ட்வீட் என்ற தடித்த கம்பளித் துணிக்குப் பெயர்பெற்றது. 1855-இல் ரயில் கிளைப்பாதை வந்தது. நிலக்கரி வந்து சேர அது வழிசெய்தது. பழைய ஆலை தீக்கிரையானபின் 1872-இல் எழுந்த கட்டடத்தைப் பார்த்தால் ஜமீன் மாளிகை என்றே நினைப்போம். நடுவில் நிற்கும் புகைபோக்கிதான் காட்டிக்கொடுக்கும். 1913 டிசம்பரில் அங்கே தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் அடுத்த கோடைவரை நீண்டது. 1980-இல் ஆலை மூடப்பட்டது, இப்போது அது அடுக்குமாடிக் குடியிருப்பு. புதன்கிழமைச் சந்தை மட்டும் இன்னும் கூடுகிறது.

இனித் தமிழ்ச் சொல். ‘அங்காடி’ நாள்தோறும் திறந்திருக்கும் கடைத்தெரு. நாளங்காடி (பகல் கடைத்தெரு), அல்லங்காடி (இரவுக் கடைத்தெரு) என்ற பழஞ்சொற்களே சொல்லிவிடுகின்றன. ‘சந்தைப்பேட்டை’ அழகான சொல்தான், ஆனால் நம் வழக்கில் அது ஊருக்குள் சந்தை கூடும் இடம், முழு ஊர் இல்லை. வியப்பு என்னவென்றால், சோழர் கல்வெட்டுகளில் ‘நகரம்’ என்ற சொல்லே வணிகர் குடியிருப்பையும் அவர்களது சபையையும் குறித்தது. அந்தப் பொருளில் ‘நகரம்’ ஒன்றே போதும். இன்று அதைச் சொன்னால் மாநகராட்சிதான் நினைவுக்கு வருகிறது, என்ன செய்ய?

எனவே என் தேர்வு ‘சந்தையூர்’. நம் வாய்க்குப் புதிதல்ல. மதுரை மாவட்டத்தில் இந்தப் பெயரில் ஓர் ஊரே உண்டு. சட்ட உரிமையை அழுத்திச் சொல்ல வேண்டிய வரலாற்றுக் கட்டுரைகளில் ‘பட்டயச் சந்தையூர்’ எனலாம். வாரம் கூடுவதை ‘வாரச்சந்தை’ என்றும் ஆண்டுக்கொருமுறை கூடுவதைப் ‘பெருஞ்சந்தை’ என்றும் பிரித்து எழுதினால் குழப்பம் வராது. மாடு விற்கும் பெருஞ்சந்தைக்குத் ‘தாவணி’ என்ற சொல் இருக்கவே இருக்கிறது, மாட்டுத்தாவணியில் பஸ் ஏறியவர்கள் அறிவார்கள். ஊர்ப்பெயர்களை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். மார்க்கெட் ஹார்பரோவைச் ‘சந்தை ஹார்பரோ’ ஆக்கினால் வரைபடத்தில் யாரும் கண்டுபிடிக்க முடியாது.